பூனைப் பெருக்கத்தைத் தடுக்கக் கருத்தடையே வழி

நெல் கிடங்கு, அரிசி ஆலை, மீன் உலர்த்தும் களம், சந்தை ஆகிய இடங்களில் உரிமையாளர் இல்லாத பூனைகள் பெருகி வருவதைப் பல ஊர்களில் காணலாம். எலி பிடிக்கும் என்று முதலில் வரவேற்கப்படும் பூனைகள், எண்ணிக்கை கூடியதும் தொல்லையாகி விடுகின்றன. கோழிக் குஞ்சுகளைத் தூக்குகின்றன; கருவாட்டைத் தின்கின்றன; இரவெல்லாம் சண்டையிடுகின்றன. இதனால் சிலர் நஞ்சு வைக்கிறார்கள். சிலர் சாக்கில் கட்டிப் பக்கத்து ஊர் எல்லையில் விட்டு விடுகிறார்கள். இவ்விரண்டும் நிலையான பலன் தருவதில்லை. நஞ்சு வைத்துக் கொல்வது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

பெருகுவது எப்படி?

பெட்டைப் பூனை ஐந்து, ஆறு மாத வயதிலேயே பருவத்துக்கு வந்து விடும். சினைக்காலம் 63 முதல் 65 நாட்கள். ஓர் ஈற்றுக்கு 3 முதல் 5 குட்டிகள் வரை போடும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு 4 குட்டி என்று கணக்கிட்டாலும் ஒரு பெட்டையிலிருந்து ஆண்டுக்கு 8 குட்டிகள் கிடைக்கும். இவற்றில் பல பசியாலும் நோயாலும் மடிந்து விடும். தப்பிப் பிழைக்கும் பெட்டைகள் அடுத்த ஆண்டுக்குள் தாமே ஈனத் தொடங்கும்.

கொன்றால் குறையாதா?

ஓர் இடத்தில் தீனியும் மறைவிடமும் இருக்கும் வரை, அங்குள்ள பூனைகளை அகற்றினால் சுற்றுப்புறப் பூனைகள் அந்த இடத்துக்கு வந்து சேரும். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியக் காடுகளில் நடத்தப்பட்டு 2014ல் வெளியான ஓர் ஆய்வில், பூனைகளைச் சிறிய அளவில் பிடித்து அழித்த இடங்களில் அவற்றின் எண்ணிக்கை குறைவதற்குப் பதிலாகக் கூடியது தெரிய வந்தது.

கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையின் பலனுக்கு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 1991ல் தொடங்கிய பணி நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1995க்குப் பிறகு குட்டிகள் பிறந்ததாகக் காணப்படவில்லை. 1996ல் 68 ஆக இருந்த பூனைகள் 2002ல் 23 ஆகக் குறைந்தன. பழகும் தன்மையுள்ள பூனைகளை வீடுகளுக்கு வளர்க்கக் கொடுத்ததும் இதற்கு முக்கிய காரணம். புதிய பூனைகள் அவ்வப்போது வந்து சேர்ந்தன. அவற்றுக்கும் உடனே கருத்தடை செய்யப்பட்டது. பணி இடையில் நிற்கக் கூடாது என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

செயல்முறை

1. ஊராட்சி, ஆலை உரிமையாளர்கள், மகளிர் குழுவினர் சேர்ந்து முதலில் பூனைகளைக் கணக்கெடுக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே நாள் குறித்துக் கொள்ள வேண்டும்.

2. சில நாட்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தீனி வைத்துப் பழக்க வேண்டும். பிடிக்கும் நாளுக்கு முந்தைய இரவு தீனியை நிறுத்த வேண்டும்.

3. தானாகக் கதவு மூடும் கூண்டில் கருவாட்டுத் துண்டு வைத்துப் பிடிக்கலாம். பூனை அகப்பட்டதும் கூண்டைத் துணியால் மூடினால் மிரளாமல் அடங்கியிருக்கும். வெறும் கையால் பிடிக்கக் கூடாது.

4. ஒரு கடுவன் பல பெட்டைகளைச் சினையாக்கும். ஆகவே பெட்டைகளுக்கு முதலிடம் தர வேண்டும். பால் கொடுக்கும் தாய்ப் பூனையைக் குட்டிகள் தீனி தின்னப் பழகிய பின் பிடிப்பது நலம்.

5. அறுவையின்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியைச் சிறிதளவு வெட்டி அடையாளமிட வேண்டும். அதே பூனையை மீண்டும் பிடித்து வதைக்காமல் இருக்க இது உதவும்.

6. கடுவனை ஒரு நாளும், பெட்டையைக் கூடுதலாக ஓரிரு நாளும் கூண்டில் வைத்துக் கவனித்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு

பூனையின் மலத்தில் வெளிவரும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி, செம்மறியாட்டிலும் வெள்ளாட்டிலும் கருச்சிதைவை உண்டாக்கக் கூடியது. இளம் பூனைகளே இதை அதிகம் பரப்புகின்றன. குட்டிகள் குறைந்தால் ஆட்டுக்கும் நன்மை. அடர்தீவனத்தையும் வைக்கோலையும் பூனை புகாதபடி மூடி வைக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் பூனை மலத்தை அகற்றும் வேலையைத் தவிர்ப்பது அவசியம்.

கருத்தடை செய்த பூனையும் எலி பிடிக்கும், குஞ்சையும் பிடிக்கும். எனவே குஞ்சுக் கூண்டுக்கு வலை அடிப்பது தேவை. பறவைச் சரணாலயங்களை ஒட்டிய இடங்களில் பூனைகளைத் திரும்ப விடுவது பொருந்தாது. எலிக்குத் துத்தநாக பாஸ்பைடு வைப்போர், செத்த எலிகளை உடனே எடுத்துப் புதைக்க வேண்டும். இல்லையேல் எலி பிடிக்கும் பூனையும் மடியும்.

மீன் கழிவையும் எச்சில் இலையையும் திறந்த வெளியில் கொட்டாமல், ஊர் ஒன்றுகூடி ஆண்டுதோறும் விடுபட்ட பெட்டைகளுக்குக் கருத்தடை செய்து வந்தால், களஞ்சியத்துக்கு வேண்டிய அளவில் மட்டும் பூனைகள் இருக்கும். விவரங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.