கோழிப் பண்ணையின் தண்ணீர்க் குழாயும் மருந்துச் செலவும்

கோழிகளுக்குக் கழிச்சல் காண்கிறது. மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து 5 நாள் கொடுக்கிறோம், குணமாகிறது. சில நாள் சென்றபின் அதே கொட்டகையில் அதே கழிச்சல் மறுபடியும் தலைகாட்டுகிறது. இம்முறை வேறொரு மருந்து, விலையும் கூடுதல். கோழி வளர்க்கும் அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. மருந்து போலியோ, குஞ்சு தரமற்றதோ, தீவனம் கெட்டதோ என்று பலவாறாக ஐயுறுகிறோம். இவற்றுள் எதுவும் காரணமாக இருக்கக்கூடும். ஆயினும், அம்மருந்து எந்தக் குழாயின் வழியே கோழியின் வாயை அடைகிறதோ, அந்தக் குழாயின் உட்புறத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

திறந்த தொட்டியில் நீர் வைத்த காலத்தில் அழுக்குக் கண்ணுக்குத் தெரிந்தது, தேய்த்துக் கழுவினோம். நிப்பிள் குழாய் வந்தபின் கொட்டகை ஈரமின்றி இருக்கிறது, ஆள் வேலையும் குறைந்தது. நன்மைதான். ஆனால் அழுக்கு மறைவிடம் தேடிக்கொண்டது.

அதன் தன்மையை நெசவாளர் அங்கத்தினர்கள் எளிதில் அறிவார்கள். பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியைக் கழுவாமல் விட்ட பானை இரண்டொரு நாளில் உட்புறம் வழுவழுத்துப் போகிறதல்லவா? நீரை ஊற்றிச் சுழற்றினால் அவ்வழுவழுப்பு அகலாது. தேங்காய் நாரால் தேய்த்தால்தான் அகலும். குழாயினுள் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்கள் சில குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதனுள் குடியிருந்து பெருகுகின்றன. இதனை அறிவியலார் உயிரிப்படலம் என்பர். சூடோமோனாஸ் போன்ற நீர்வாழ் கிருமிகள் முதலில் வீடு கட்ட, கழிச்சலை உண்டாக்கும் ஈ. கோலி, சால்மொனெல்லா முதலியவை பின்னர் அதில் குடிபுகுதல் உண்டு. அவ்வப்போது படலத்தின் துணுக்குகள் பெயர்ந்து, நீரோடு கலந்து கோழியின் வயிற்றுக்குச் செல்கின்றன.

20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 100 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 31 லிட்டர் நீர் கொள்ளும். அதன் உட்சுவரின் பரப்போ 6 சதுர மீட்டருக்கு மேல். ஒரு சேலையை முழுதாக விரித்த அளவு. அவ்வளவு இடமும் கிருமிகளுக்குக் குடியிருப்பாகலாம். குஞ்சு இறக்கிய முதல் வாரத்தில் ஆபத்து மிகுதி. அப்பொழுது கொட்டகையைச் சூடாக வைக்கிறோம். குஞ்சுகள் குடிப்பது சொற்பமாதலால் நீர் குழாயில் தேங்கி வெதுவெதுப்பாகிறது. போதாக்குறைக்கு வெல்லம், குளுக்கோஸ், வைட்டமின் எல்லாவற்றையும் அதிலேயே கலக்கிறோம். குஞ்சுக்கு ஊட்டுவதாக எண்ணிப் படலத்துக்கும் ஊட்டுகிறோம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்ததாயின், குழாயில் படியும் சுண்ணாம்புப் பொருக்கு கிருமிகள் கால் ஊன்றுவதற்கு வசதியாகிறது.

இத்தகைய குழாயில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை, அதாவது ஆன்டிபயாடிக் மருந்தை, ஊற்றினால் என்ன ஆகும்? நீரில் தனியே மிதக்கும் கிருமி சாகும். படலத்தின் அடியில் உள்ளதை மருந்து முழு வலுவோடு எட்டுவதில்லை. மேலும் அங்குள்ள பல கிருமிகள் வளர்ச்சி ஒடுங்கி உறங்குவன போல் கிடப்பதால், வளரும் கிருமியைத் தாக்குமாறு அமைந்த மருந்துகள் அவற்றிடம் பலிப்பதில்லை. படலத்திலுள்ள கிருமியைக் கொல்லத் தனிக் கிருமிக்கு வேண்டிய அளவைப் போல் 10 மடங்கு முதல் 1,000 மடங்கு வரை மருந்து தேவைப்படலாம் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். அவ்வளவு கொடுத்தால் கோழி தாங்காது. நம் பணப்பையும் தாங்காது.

இதனினும் கெடுதலானது மருந்து நிறுத்திய பின் நேர்வது. குழாயில் எஞ்சிய சிறிதளவு மருந்து கிருமியைக் கொல்லப் போதாது. அதற்குப் பழக்கப்படுத்தப் போதும். நெருங்கி வாழும் கிருமிகள், மருந்தை எதிர்க்கும் ஆற்றலை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன. சில மருந்துத் தூள்களில் கலந்துள்ள சர்க்கரைப் பொருளும் அவற்றுக்கே உணவாகிறது.

இஃது கோழியோடு நிற்கும் விஷயமன்று. கோலிஸ்டின் என்னும் மருந்து, வேறெதற்கும் அடங்காத கிருமியால் உயிருக்குப் போராடும் நோயாளிக்கு மருத்துவர் கடைசியாகக் கையாள்வது. அதனை உலகின் பல நாடுகளில் கோழிக்கும் பன்றிக்கும் தாராளமாகக் கொடுத்துவந்தனர். அதனை எதிர்க்கும் ஆற்றல் கிருமிக்குக் கிருமி தாவவல்லது என்று சீன தேசத்து ஆய்வாளர்கள் 2015-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டனர். நம் மத்திய அரசாங்கம் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அம்மருந்தைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. தடை வந்தது நியாயமே என்பது நம் கருத்து.

ஆகவே நோய் கண்டால் கால்நடை மருத்துவரிடம் இறந்த கோழியோடு இரண்டு புட்டி நீரும் கொண்டு செல்லுதல் வேண்டும். ஒன்று கிணற்றடியில் பிடித்தது, மற்றொன்று குழாயின் கடைக்கோடியில் பிடித்தது. முன்னது சுத்தமாகவும் பின்னது அசுத்தமாகவும் இருந்தால் குற்றவாளி குழாயே. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதையும் சோதனைச்சாலையில் கண்டறிந்த பின்னரே மருந்து வாங்குவது உசிதம்.

குழாயைச் சுத்தம் செய்ய ஏற்ற சமயம், ஒரு தொகுதிக் கோழி சென்று அடுத்தது வருமுன் கொட்டகை காலியாக உள்ள நாட்கள். முதலில் வேகமாக நீர் பாய்ச்சி அலச வேண்டும். பின்னர் குழாய்க்கென்றே விற்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கரைசலைப் புட்டியில் குறித்த அளவில் கலந்து நிரப்பி, ஒவ்வொரு நிப்பிளையும் தட்டி அது வரை வரச்செய்து, ஒரு நாள் நிறுத்தி, மறுபடியும் நன்றாக அலச வேண்டும். நிறுத்தும் நேரத்தைக் குறைப்பவர் கரைசலை வீணாக்குகிறார். கோழி உள்ள கொட்டகையில் இதனைச் செய்யலாகாது.

அன்றாடத்துக்குக் குளோரின் போதும். குளோரின் 30 சதவீதம் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 10 கிராம், 1,000 லிட்டர் நீருக்கு 3 கிராம் குளோரினைத் தரும். முதலில் வாளியில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும்; வண்டல் நிப்பிளை அடைத்துவிடும். நீரின் காரத்தன்மை பி.எச். 8-ஐ எட்டினால் குளோரினில் ஏறக்குறைய கால்பங்கே வலுவோடு வேலை செய்யும். காரத்தைத் தணிக்க அமிலம் சேர்ப்போர், அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் ஒருபோதும் கலக்கலாகாது. எழும் நச்சுவாயு ஆளைக் கொல்ல வல்லது. பி.எச். அளக்கும் காகிதமும் குளோரின் சோதிக்கும் பெட்டியும் சங்கத்தில் பொதுவில் வாங்கி வைத்தால் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை.

தடுப்பு மருந்தை நீரில் கொடுக்கும்போது மட்டும், அதிலுள்ள உயிர்க்கிருமியைக் குளோரின் கொன்றுவிடுமாதலால், முந்திய நாள் முதலே குளோரினை நிறுத்த வேண்டும். அப்பொழுது லிட்டருக்கு இரண்டு, இரண்டரை கிராம் பால் பவுடர் சேர்ப்பது வழக்கம். மறுநாள் அந்தப் பால் நீர் குழாயில் மிஞ்சாதபடி அலசிவிட்டு, குளோரினைத் திரும்பத் தொடங்கலாம்.