ஜெர்மனி ட்ரெய்னிங்குக்குப் போறியா? ரயில் பாஸ் எடுக்கும் முன் அக்காவைக் கேள்!

ஒரகடம் பிளான்ட்டிலிருந்து ட்ரெய்னிங் என்று ஸ்டுட்கார்ட் பக்கம் கிளம்புகிறாய். விசா கைக்கு வருவதற்குள்ளேயே வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர், "யூரெயில் பாஸ் எடுத்துடுப்பா, 33 நாடு சுத்தலாம்" என்று ஏற்றிவிட்டிருப்பார். 33 நாடு என்பது உண்மைதான். தம்பி, உனக்கு லீவு எத்தனை நாள்? அதை முதலில் சொல்.

சிங்கப்பெருமாள் கோவிலில் சீசன் டிக்கெட் எடுத்தவன், வருகிற லோக்கலில் ஏறிக்கொள்கிற மாதிரி இதை நினைத்துவிடாதே. வேலைக்கு நடுவே ஊர் சுற்றுகிறவனுக்கு ஃப்ளெக்ஸி பாஸ்தான் சரி. ஒரு மாதத்துக்குள் 4, 5, 7 நாள், அல்லது இரண்டு மாதத்துக்குள் 10, 15 நாள் என்று விற்கிறார்கள். ரயில் ஏறுகிற நாள் மட்டும்தான் கழியும். அன்று நள்ளிரவு வரை எத்தனை ரயில் மாறினாலும் ஒரே நாள் கணக்கு.

சனி, ஞாயிறு சுற்றலுக்குப் பாஸே வேண்டாம். ஜெர்மனியில் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026-ல் 63 யூரோ. மாதம் முழுக்க லோக்கல் ரயில், பஸ், டிராம், மெட்ரோ எல்லாம் அடக்கம். ஐசிஇ மாதிரி வேக ரயில்களில் மட்டும் செல்லாது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைகூட இதிலேயே போகலாம். ஆனால் இது மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கேன்சல் செய்யாவிட்டால் நீ ஊருக்குத் திரும்பி ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டில் நிற்கும்போதும் பணம் போய்க்கொண்டிருக்கும்.

யூரெயில் பாஸை, ட்ரெய்னிங் முடிந்து கிடைக்கும் பத்து நாள் லீவுக்கு வைத்துக்கொள். ஒரு பேப்பரில் எழுதிப் பார். ஸ்டுட்கார்ட் – பாரிஸ், பாரிஸ் – ஜூரிக், ஜூரிக் – இன்டர்லாக்கன், இன்டர்லாக்கன் – வெனிஸ், வெனிஸ் – வியன்னா இரவு ரயில், வியன்னா – ஸ்டுட்கார்ட். ஆறு நாள் வருகிறது. 7 நாள் பாஸ் வாங்க வேண்டும். ஜூரிக்கை விட்டுவிட்டு பாரிஸிலிருந்து பாசல் வழியாக நேரே இன்டர்லாக்கன் போனால் 5 நாள் பாஸ் போதும். இரவு ரயிலுக்கு ஏறுகிற நாள் ஒன்றுதான் கழியும், நள்ளிரவுக்குப் பிறகு வண்டி மாறாதவரை. இன்டர்லாக்கனுக்கு மேலே யுங்ஃப்ராவ் மலை ரயிலுக்குப் பாஸ் காட்டினால் தள்ளுபடி மட்டுமே. ஊருக்குள் ஓடும் பாரிஸ் மெட்ரோவுக்கும் தனி டிக்கெட்தான்.

இப்போது பலரும் கோட்டைவிடுகிற இடத்துக்கு வருகிறேன்: சீட் ரிசர்வேஷன். பாஸ் இருந்தாலும் பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரொசா, யூரோஸ்டார், இரவு ரயில்கள் எல்லாவற்றுக்கும் தனிப் பணம் கட்டி சீட் போட வேண்டும். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் சீட் சில ரயில்களில் குறைவு. கோடை சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் உள்ளூர் ரயில்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. பாஸ் விலையோடு இந்தக் கட்டணங்களையும் கூட்டு. பிறகு அதே ரயில்களுக்கு முன்கூட்டியே கிடைக்கும் சலுகை டிக்கெட் விலையைப் பார். மூன்றே ஊர் என்றால் பெரும்பாலும் தனி டிக்கெட்தான் மலிவு. பாஸ் விற்கிறவர் இந்தக் கணக்கை உனக்குப் போட்டுக் காட்டமாட்டார்.

27 வயது வரை யூத் விலை உண்டு. பாஸ் தொடங்கும் நாளில் அந்த வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைக்கு, பெரியவரோடு வந்தால் பாஸ் இலவசம். ஆனால் அதற்கும் தனிப் பாஸ் எடுத்திருக்க வேண்டும்.

இரண்டு வருட டெபுடேஷனில் போய் அங்கே ரெசிடென்ஸ் பெர்மிட் வாங்கியவர்களுக்கு யூரெயில் இல்லை, அங்கே வசிப்பவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸ்தான். அதில் ஒரு சிக்கல் உண்டு: குடியிருக்கும் நாட்டுக்குள் அது செல்வது, நாட்டை விட்டு வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்வளவுதான்.

விசா ஸ்டிக்கரில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது, பார்த்தாயா? ஷெங்கன் விதி 180 நாளில் 90 நாள். ஆனால் கம்பெனி வேலைக்கு வாங்கிய விசாவில் ட்ரெய்னிங் நாளை மட்டும் கணக்கிட்டுத் தந்திருக்கலாம். லீவு நாளையும் சேர்த்து விண்ணப்பிக்கச் சொல்லி எச்ஆரிடம் முதலிலேயே பேசிவிடு. லண்டனும் பாஸில் அடக்கம்தான், ஆனால் பிரிட்டன் விசா தனி.

வாங்கும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். நம் இனிஷியல் அங்கே எப்படி விரிந்திருக்கிறதோ, அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அப்படியே அடி. பாஸ் மொபைலிலேயே வரும், ரெயில் பிளானர் ஆப்பில். வாங்கிய 11 மாதத்துக்குள் ஆக்டிவேட் செய்தால் போதும் என்பதால், தள்ளுபடி வரும்போது வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ரயிலையும் ஏறுவதற்கு முன்பே ஆப்பில் சேர்த்து க்யூஆர் கோடை எடுத்து வை. டிக்கெட் பரிசோதகர் பெட்டிக்குள் நுழைந்த பிறகு தேடினால் அபராதம் கேட்பார். பவர் பேங்க் மறக்காதே.