ஒரு படிவம் இருமுறை சேராமல்

சாலைக் கடைத்தெருவை அறியாத தமிழ் மாணவர் திருவனந்தபுரத்தில் இரார். இராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த அந்தத் தெருவில் பருப்பும் புளியும் வாங்கிவிட்டு, கைப்பேசியால் கியூஆர் குறியைப் பிடித்து 240 ரூபாய் அனுப்புகிறோம் என்று கொள்வோம். வட்டம் சுழல்கிறது, முடிவு தெரியவில்லை. “வந்து சேரலையே தம்பி, இன்னொரு தடவை போடுங்க” என்கிறார் அண்ணாச்சி. போடுகிறோம். சற்றுப் பொறுத்து, இரண்டு 240 போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வருகிறது! மாதக் கடைசியில் மாணவனுக்கு இது சிறு தொகையன்று. தேர்வுக் கட்டணப் படிவத்திலும் பயணச்சீட்டிலும் இதுவே நேர்கிறது.

பிழை யாருடையது? அனுப்பியவர் மேல் பழி போடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. வேண்டுகோள் போகும் வழியில் தொலைந்ததா, வேலை முடிந்து விடை திரும்பும் வழியில் தொலைந்ததா என்பதை அனுப்பியவர் அறிய வழியே இல்லை. ஆகவே மீண்டும் அனுப்புவது இயல்பு. அதை இனங்கண்டுகொள்வது பெறுபவரின் கடமை.

நம் வணிகர்களுக்கு இது புதிதன்று. கடல்கடந்து பணம் செலுத்தியவர்கள், ஒரே உண்டியலை இரண்டு மூன்று படிகளாக எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். ஒன்று மூழ்கினாலும் மற்றொன்று சேரும். மூன்றும் சேர்ந்துவிட்டால்? 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 132ஆம் பிரிவைப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் எண் உண்டு. மற்றவை செலுத்தப்படாதவரைதான் இது செல்லும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே உண்டியலே. கணினி பிறக்கும் முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது!

இணையப் படிவத்திலும் அதையே செய்கிறோம். படிவத்தைத் தரும்போதே சேவையகம் அதனுள் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணை வைக்கிறது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் வரும். முதல் முறை வேலை நடக்கும். மறுமுறை வேலை நடவாது, முன்பு தந்த விடையே திரும்பத் தரப்படும். தொகையை ஒப்பிட்டுத் தடுக்கலாமே எனில், கூடாது. ஒருவரே இரண்டு முறை 240 ரூபாய்க்குச் சரக்கு வாங்கலாமன்றோ? எண் ஒவ்வோர் அழுத்தலுக்கும் அன்று, ஒவ்வோர் எண்ணத்திற்கும் ஒன்றாகப் பிறக்க வேண்டும். சாலையில் பணம் இருமுறை போனதன் காரணமும் இதுவே: குறியை மறுபடி பிடித்தபோது புதிய எண் பிறந்தது, வங்கிக்கு அது வேறொரு கொள்முதல். எனவே மறுபடி பிடிக்குமுன், முதல் செலுத்தல் நிலுவையில் நிற்கிறதா என்று கணக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொள்க.

இத்தகைய செயலைக் குறிக்கும் ‘ஐடெம்பொட்டென்ட்’ என்ற சொல்லை 1870இல் கணிதத்திற்குத் தந்தவர் பெஞ்சமின் பியர்ஸ். மின்தூக்கிப் பொத்தானைப் பத்து முறை அழுத்தினாலும் தூக்கி ஒருமுறைதான் வரும். அழைப்பு மணியோ பத்து முறை ஒலிக்கும். தமிழில் ‘மறுசெயல் மாறாமை’ என்று சொல்லிப் பார்க்கிறேன். இதனினும் நல்ல சொல் கண்டவர் எழுதி உதவுக.

அழுத்தியவுடன் பொத்தானை மங்கச் செய்வது மரியாதை, காவலன்று. படிவம் சேர்ந்ததும் 303 என்னும் விடையால் வேறொரு பக்கத்திற்கு அனுப்பிவிடுவது, பக்கத்தைப் புதுப்பிப்பதால் வரும் இரட்டிப்பைத் தடுக்கும். இருமுறை விரைந்து அழுத்துவதைத் தடுக்காது.

நிரல் எழுதுவோர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ‘இந்த எண் முன்பு வந்ததா?’ என்று முதலில் தேடி, பிறகு பதிவு செய்வார்கள். இரண்டு வேண்டுகோள்கள் ஒரே நொடியில் வந்தால், இரண்டுக்கும் ‘வரவில்லை’ என்றே விடை கிடைக்கும், இரண்டும் பதிவாகும். ஆகவே ஓர் எண் ஒருமுறைதான் இடம்பெறலாம் என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே விதிக்க வேண்டும். எண்ணைப் பதிவதும் பணத்தைப் பதிவதும் ஒரே பரிமாற்றமாக நிகழவும் வேண்டும். எண் மட்டும் பதிந்து பணம் பதியாமல் மின்சாரம் போனால், நேர்மையாக மீண்டும் அனுப்புபவரைச் சேவையகம் ‘நீர் முன்பே கட்டிவிட்டீர்’ என்று திருப்பி அனுப்பிவிடும்.