கணக்கில் காணாமல் போகும் மெமரி

ஜாவாவில் எழுதிய ஒரு சேவை. ஹீப்புக்கு 1 ஜிபி, கன்டெய்னருக்கு 2 ஜிபி என்று எல்லை வைத்திருக்கிறார்கள். ஹீப் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் நள்ளிரவில் மெமரி தீர்ந்துவிட்டது என்று லினக்ஸ் அந்தக் கன்டெய்னரை நிறுத்திவிடுகிறது. சோழிங்கநல்லூர் எல்காட் வளாகத்திலும், சிறுசேரி சிப்காட்டிலும், தாம்பரம் மெப்ஸிலும் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு இது புதிய அனுபவம் இல்லை. மிச்ச மெமரி எங்கே போனது என்ற கேள்விக்கு விடை தேடித்தான் அடுத்த நாள் முழுவதும் ஓடும்.

ஹீப்புக்கு வெளியே ஜாவா மெய்நிகர் இயந்திரம் வாங்கும் மெமரி கொஞ்சமல்ல. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு ஸ்டாக் வேண்டும். 64 பிட் லினக்ஸில் அதன் இயல்பான அளவு 1 எம்பி. மெட்டாஸ்பேஸ், ஜிட் கம்பைலர் உருவாக்கும் கோட், கார்பேஜ் கலெக்டரின் உள்கணக்குகள் எல்லாம் தனி. இவற்றை வகை பிரித்துக் காட்டவே ஹாட்ஸ்பாட் என்ற ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் நேட்டிவ் மெமரி டிராக்கிங் என்ற வசதி இருக்கிறது. 2013-இல் ஜாவா 7-இன் 40-ஆம் அப்டேட்டோடு வந்தது அது. அதை இயக்கினால் வேகத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை இழக்க நேரிடலாம் என்று ஆரக்கிளின் ஆவணமே சொல்கிறது.

நூற்றுக்கணக்கான த்ரெட்டுகள் மெமரியை வாங்கியும் விட்டும் கொண்டிருக்கும்போதே அந்தக் கருவி கணக்கு எழுதியாக வேண்டும். கணக்கெழுதும் இடத்திலேயே ரேஸ் கண்டிஷன் புகுந்துவிட்டால், அது காட்டும் எண்ணை நம்பி எடுக்கும் முடிவு அத்தனையும் கோணலாகும். கல்லூரியில் இதைக் கற்பிக்கிறார்கள்தான். இரண்டு த்ரெட்டுகள் ஒரே கௌண்டரை ஒன்றால் கூட்டினால் ஒரு கூட்டல் தொலைந்துபோகும், பூட்டு போட்டால் சரியாகிவிடும் என்பதோடு பெரும்பாலும் அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. மெமரி கணக்கில் வரும் கடினமான பிழை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

சேலையூரில் ஓர் அடுக்ககம் என்று வைத்துக்கொள்ளலாம். குடியிருந்தவர் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பதிவேட்டில் 'காலி' என்று எழுத வேண்டிய காவலாளி அதைச் சற்றுத் தள்ளிப்போடுகிறார். அதற்குள் சங்கச் செயலாளர் அதே வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்து, பெயரையும் எழுதிவிடுகிறார். பிறகு வரும் காவலாளி அந்த வீட்டு எண்ணைத் தேடிப்பிடித்து 'காலி' என்று எழுதுகிறார். வீட்டில் ஆள் இருக்கிறது, ஏட்டில் இல்லை. பதிவேட்டை ஒரே நேரத்தில் இருவர் தொடவே இல்லை. எழுதியது ஒவ்வொன்றும் முறைப்படிதான் நடந்தது.

ஹாட்ஸ்பாட் கவனித்தாக வேண்டியிருந்ததும் இதே சிக்கல்தான். முதல் த்ரெட் ஒரு முகவரிப் பகுதியைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுக்கிறது. அதைக் கணக்கில் கழிப்பதற்குள், இரண்டாவது த்ரெட் புதிதாக மெமரி கேட்கிறது. சற்றுமுன் காலியான இடத்தையே லினக்ஸ் மறுபடி எடுத்துக் கொடுப்பது சகஜம், அதுவும் கேட்ட அளவு ஒன்றாக இருந்தால் இன்னும் எளிது. இரண்டாவது த்ரெட் தன் பதிவை எழுதிவிடுகிறது. பிறகு முதல் த்ரெட் அதே முகவரியைக் கணக்கிலிருந்து நீக்குகிறது. உயிரோடு இருக்கும் ஒரு பகுதி ஏட்டிலிருந்து மறைந்துபோகிறது.

இதற்கு ஹாட்ஸ்பாட் கண்ட வழி, கண்காணிப்பு இயங்கும்போது மெமரியை விடுவிக்கும் செயலையும் அதைப் பதியும் செயலையும் ஒரே பூட்டுக்குள் கொண்டுவருவது. நெடுங்காலம் இதற்கு த்ரெட் கிரிட்டிக்கல் என்ற பொதுப் பூட்டு பயன்பட்டது. மற்ற உள்வேலைகளுக்கும் அதுவே பூட்டு என்பதால், பிந்தைய பதிப்புகளில் மெய்நிகர் மெமரிக் கணக்குக்கென்றே தனிப் பூட்டு வைத்தார்கள்.

ஓ.எம்.ஆர். பக்கம் நான் அருகிலிருந்து பார்த்த ஒரு குழு, ஹீப்புக்கு வெளியே கேஷ் வைத்துக்கொள்ள சி++ நூலகம் ஒன்றை எழுதியிருந்தது. அதற்கெனச் சொந்தமாக ஒரு மெமரி கணக்கையும் ஒரு மேப்பில் வைத்திருந்தார்கள். கணக்கு காட்டிய தொகைக்கும் லினக்ஸ் காட்டிய தொகைக்கும் நடுவே இடைவெளி மெல்ல வளர்ந்துகொண்டே போனது. "மேப்புக்குப் பூட்டு போட்டிருக்கோமே, அப்புறம் என்ன?" என்பதுதான் கோட் ரிவ்யூவில் எழுந்த முதல் கேள்வி. பூட்டு மேப்பைத்தான் காத்தது. மெமரியைத் திருப்பிக் கொடுத்த கணத்துக்கும் மேப்பைத் திருத்திய கணத்துக்கும் இடையே இருந்த வெளியைக் காக்கவில்லை.

அவர்கள் த்ரெட் சானிடைசரையும் ஓட்டிப் பார்த்தார்கள். அது ஒன்றும் சொல்லவில்லை. கருவியின் குறையல்ல அது. ஒரே மெமரி இடத்தை இரண்டு த்ரெட்டுகள் ஒழுங்கின்றித் தொடுவதைக் கண்டுபிடிக்கவே அந்தக் கருவி இருக்கிறது. இங்கே மேப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பூட்டு இருந்தது. டேட்டா ரேஸ் இல்லாமலே ரேஸ் கண்டிஷன் இருக்கலாம் என்பதை இளம் பொறியாளர்களுக்கு எடுத்துச் சொல்ல இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. கருவி பச்சைக்கொடி காட்டிவிட்டது என்பதற்காகத் தேடலை நிறுத்தியிருந்தால் பிழை அங்கேயே இருந்திருக்கும்.

பிழையை வெளியே கொண்டுவந்தது எளிய உத்திதான். விடுவித்தலுக்கும் பதிவுக்கும் இடையே வேண்டுமென்றே சில மில்லிநொடி உறக்கத்தைச் செருகினார்கள். பல த்ரெட்டுகளை ஒரே அளவுள்ள பகுதிகளை வாங்கி விடச் செய்தார்கள். ஓட்டம் முடிந்ததும், ப்ராக் கோப்புறையில் லினக்ஸ் தரும் முகவரிப் பட்டியலோடு தங்கள் மேப்பை வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். பல வாரம் ஓடினால்தான் கண்ணில் படும் பிழை உடனே தெரிந்தது. மெமரி கணக்கு எழுதும் எவரும் முதல் நாளிலேயே இந்தச் சோதனையை எழுதி வைத்துவிடலாம்.

திருத்துவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஹாட்ஸ்பாட்டைப் போல இரண்டையும் ஒரே பூட்டுக்குள் வைப்பது ஒன்று. அதில் கெர்னல் அழைப்பு முடியும்வரை மற்ற த்ரெட்டுகள் காத்து நிற்க வேண்டும். பூட்டைப் பிடித்தபடி வேறொரு பூட்டைக் கேட்டால் டெட்லாக்கில் போய் முடியும் அபாயமும் உண்டு. வரிசையை மாற்றுவது மற்றொன்று. கணக்கிலிருந்து முதலில் நீக்கிவிட்டு, பிறகு மெமரியை விடுவிக்கலாம். விடுவிக்கும்வரை அந்த முகவரி வேறு யாருக்கும் கிடைக்காது என்பதால் மோதல் வராது. ஆனால் விடுவிப்பு தோற்றால் பதிவை மறுபடி சேர்க்க வேண்டும். ஒரு கணம் கணக்கு குறைவாகவும் தெரியும். குழு இரண்டாவதை எடுத்துக்கொண்டது. விடுவித்தலும் வாங்கலும் ஓயாமல் நடந்த அந்த நூலகத்துக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்தும். ஆட்கள் அடிக்கடி மாறும் திட்டமாக இருந்தால் முதல் வழியையே சொல்வேன். வரிசையைச் சார்ந்த பாதுகாப்பை, விவரம் தெரியாத ஒருவர் பிறகு எளிதாகக் கலைத்துவிட முடியும்.

எல்லா இடத்திலும் இத்தனை கண்டிப்பு தேவையில்லை. வகைவாரியான மெமரித் தொகைகளை ஹாட்ஸ்பாட் அட்டாமிக் கூட்டலால் மட்டுமே பராமரிக்கிறது. உச்ச அளவை ஒப்பிட்டு மாற்றும் அட்டாமிக் கட்டளையால் புதுப்பிக்கிறது. அந்தப் போட்டியில் வென்ற த்ரெட் உச்சத்தின்போது இருந்த ஒதுக்கீடுகளின் எண்ணிக்கையைத் தனியாக எழுதிவைக்கும். அளவும் எண்ணிக்கையும் துளி பிசகலாம், அதனால் யாருக்கும் நட்டமில்லை. துண்டு துண்டாக மெமரி வாங்கிச் சேர்க்கும் அரீனாவின் கணக்கு அப்படியல்ல. அரீனாவுக்கான துண்டுகள் பொதுக் கணக்கிலும் அரீனா கணக்கிலும் இரண்டு முறை வருவதால், அறிக்கை தரும்போது ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள். கழிக்கும் நேரத்தில் ஒரு துண்டு விடுவிக்கப்பட்டால் விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். அந்த எண்ணுக்கு எதிர்க்குறி கிடையாது, ஆகவே மிகப்பெரிய தொகையாக உருமாறி நிற்கும். அதனால்தான் துண்டுகளை விடுவிக்கும் இடத்தில் அங்கே பூட்டு இருக்கிறது. இரண்டு எண்களைக் கழிக்கும் இடங்களை முதலில் தேடிப் பாருங்கள் என்பதே புதியவர்களுக்கு நான் சொல்லும் யோசனை.

த்ரெட் ஸ்டாக்கிலும் ஒரு வலை விரிந்திருக்கிறது. சி மொழியில் பிறந்த த்ரெட் ஒன்று ஜாவாவோடு இணைந்து, விலகிக்கொள்ளாமலே முடிந்துபோனால், அதன் ஸ்டாக் பதிவு ஏட்டில் தங்கிவிடும். பிறகு அதே முகவரியில் இன்னொரு ஸ்டாக் வந்து உட்காரும்போது இரண்டு பதிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஹாட்ஸ்பாட் இதை எதிர்பார்த்துத் தனியாகக் கையாள்கிறது. சொந்தமாகக் கண்காணிப்பு எழுதுபவர்கள் இணைந்த த்ரெட் எல்லாம் விலகியதா என்று தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழுக் கணினியையே மெய்நிகராக்கும் உலகிலும் வரிசைதான் காப்பாற்றுகிறது. 2007-இல் லினக்ஸ் 2.6.20-ஓடு வந்த கே.வி.எம்., மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வேறு சர்வருக்கு மாற்ற, எந்தெந்தப் பக்கங்கள் மாறின என்று ஒரு பிட் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பிட்டை அழித்த பிறகுதான் பக்கத்தை நகலெடுக்க வேண்டும். நகலெடுத்துவிட்டுப் பிட்டை அழித்தால், இடையில் நடந்த எழுத்து எந்த ஏட்டிலும் ஏறாமல் புதிய சர்வருக்குப் பழைய பக்கம் போய்ச்சேரும்.

இன்னொன்று. எக்ஸ்86 சிப்பில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கண்காணிப்பு, ஆர்ம் சர்வருக்கு மாறிய வாரமே தடுமாறலாம். எழுத்துகள் மற்ற கோர்களுக்குத் தெரியவரும் வரிசையில் ஆர்ம் அத்தனை உறுதி தருவதில்லை. கிளவுட் செலவைக் குறைக்க ஆர்முக்கு மாறும் குழுக்கள், மேலே சொன்ன உறக்கச் சோதனையை அந்தச் சிப்பிலேயே ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு மாறுவது நல்லது.