சேஃப்டி துறையில் மேலே போக எந்தப் பாடம் கைகொடுக்கும்?

கெடாவின் பாடாங் செராய், லூனாஸ், பீடோங் வட்டாரத்தில் எஸ்டேட்டை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களில் யாராவது ஒருவர் செக்யூரிட்டி வேலை பார்த்திருப்பார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், கேட்டில் பாஸ், லாரி நம்பர், ராத்திரி ரோந்து. அதே கேட்டுக்கு உள்ளே இன்னொருவர் இருக்கிறார். கேஸ் கசிந்தால் எந்தக் கட்டடத்தை முதலில் காலி செய்வது, எந்த மெஷினை நிறுத்துவது, யாருக்கு முதல் போன் என்று முடிவெடுப்பவர் அவர். இருவரும் பார்ப்பது பாதுகாப்பு வேலைதான். ஆனால் உள்ளே இருப்பவருக்கு ரிஸ்க்கை அளக்கத் தெரியும், அதை எழுதத் தெரியும், சட்டப் பிரிவைக் காட்டத் தெரியும், மேனேஜ்மென்டிடம் பட்ஜெட் கேட்டு வாங்கவும் தெரியும். சம்பளத்தில் உள்ள வித்தியாசம் இந்த நான்கால் வருவது. நான்கையும் பாடமாகப் படித்துத் தேறலாம்.

எஸ்பிஎம் முடித்து எந்த கோர்ஸ் என்று யோசிக்கிறவர்களுக்கும், பத்து வருஷம் கேட்டில் நின்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கோர்ஸ் அதற்குப் பிறகு.

அமெரிக்காவில் பப்ளிக் சேஃப்டி மேனேஜ்மென்ட் என்றே பட்டம் இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, பேரிடர் மூன்றையும் நிர்வாகக் கண்ணோடு பார்க்கிற படிப்பு அது. மலேசியாவில் வேலைச் சந்தை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்று தனியார்: தொழிற்சாலை, கட்டுமானம், தோட்டம், ஆஸ்பத்திரி. இங்கே எல்லாரும் 'ஓஷ்' என்று சொல்லும் ஆக்குபேஷனல் சேஃப்டி அண்ட் ஹெல்த். மற்றொன்று அரசாங்கம்: பொம்பா என்கிற தீயணைப்புத் துறை, போலீஸ், ஏபிஎம் என்கிற பொதுத் தற்காப்புப் படை, 2015-இல் தொடங்கிய பேரிடர் நிர்வாக அமைப்பான நட்மா.

தனியார் பக்கம் டிமாண்ட் சட்டத்திலிருந்து வருகிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. ஐந்து ஊழியர்கள் இருந்தாலே முதலாளி ஒரு ஓஷ் கோர்டினேட்டரை நியமிக்க வேண்டும். 40 பேர் இருந்தால் சேஃப்டி கமிட்டி. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் உற்பத்தித் தொழிற்சாலை, 100 பேருக்கு மேல் வேலை செய்யும் ரசாயனத் தொழில், 20 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தம் என்றால் சேஃப்டி அண்ட் ஹெல்த் ஆபீசர் கட்டாயம். முதலாளி தன் பொதுக் கடமையில் தவறினால் விதிக்கப்படும் உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளிக்கு ஏறிவிட்டது. அதாவது பட்டறை, பேரங்காடி, சின்னத் தோட்டம், காண்ட்ராக்டர் எல்லாருக்கும் இப்போது ஓர் ஆள் தேவை. அந்த ஆள் நீங்களாக இருக்கப் பாருங்கள்.

அரசாங்கப் பக்கம் வேறு கணக்கு. பொம்பாவில் எஸ்பிஎம், டிப்ளோமா, டிகிரி என்று மூன்று மட்டங்களில் ஆள் எடுக்கிறார்கள். ஒரே தீயை அணைக்கப் போனாலும், எந்த மட்டத்தில் நுழைந்தீர்கள் என்பது இருபது வருஷம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். சீருடைப் பணிகளில் நம்மவர் எண்ணிக்கை குறைவு என்று எல்லாரும் புலம்புகிறோம். விண்ணப்பமே போடாமல் எண்ணிக்கை கூடாது.

2. சட்டப் பேப்பரைக் காரணத்தோடு படியுங்கள்.

1991 மே 7-இல் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். மூன்று வருஷம் கழித்து 1994 சட்டம் வந்தது. அதற்கு முன் இருந்த தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 1967-ஆம் ஆண்டுக்குரியது. இத்தனை அடி இடைவெளி, இப்படிப்பட்ட மறைப்பு என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்த சட்டம். 1994 சட்டம் அப்படி இல்லை. பிரிட்டனில் 1972-இல் வந்த ராபன்ஸ் அறிக்கையின் வழியில், ஆபத்தை உண்டாக்குகிறவரே அதைக் கட்டுப்படுத்த வேண்டும், நடைமுறையில் இயன்ற அளவு எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்கிறது.

இந்த ஒரு மாற்றம் புரிந்தால் இன்டர்வியூவில் பாதிக் கிணறு தாண்டிவிடுவீர்கள். சட்டத்தில் இல்லாத ஆபத்து வந்தால் என்ன செய்வாய் என்றுதான் கேட்பார்கள். பிரிவு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே வாயடைத்துப் போவார்.

கூடவே 1988-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைகள் சட்டம், விபத்து அறிவிப்புக்கான 2004 விதிமுறைகள் இரண்டையும் கையில் வைத்திருங்கள். ஃபாரங்கள் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபியுடையவை: விபத்துக்கு ஜேகேகேபி 6, வேலையால் வரும் நோய்க்கும் நச்சுப் பாதிப்புக்கும் ஜேகேகேபி 7, வருஷாந்திரப் பதிவுக்கு ஜேகேகேபி 8. மூன்று ஃபாரத்தையும் மாணவராக இருக்கும்போதே ஒரு தடவை முழுசாக நிரப்பிப் பாருங்கள். முதல் வாரமே தனியாக வேலை செய்யக்கூடிய ஆளைத்தான் மேலாளர்கள் தேடுகிறார்கள்.

3. ரிஸ்க் அசெஸ்மென்டில் யாரும் உங்களை ஜெயிக்கக் கூடாது.

மலேசியாவில் இதன் பெயர் ஹிரார்க். ஆபத்தைக் கண்டுபிடி, நடக்கும் வாய்ப்பையும் நடந்தால் விளையும் கேட்டையும் பெருக்கி மதிப்பெண் போடு, பிறகு கட்டுப்படுத்து. ஜேகேகேபி 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு அடிப்படை. ஃபார்முலா சுலபம். கஷ்டம் முதல் படியில் இருக்கிறது, கண்டுபிடிப்பதில். இங்கே தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு அட்வான்டேஜ் உண்டு. அதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், விலையாக்குங்கள்.

மருந்து அடிக்கிற அம்மா காலையில் பெரட்டு முடிந்து முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவருக்குத் தெரியும்: வெயிலில் மாஸ்க்கைக் கழற்றிவிடுவார்கள், கசியும் பம்ப் முதுகுச் சட்டையை நனைக்கும், அதே கையோடு டீ குடிப்பார்கள். செம்பனைக் குலை எங்கே விழும், ஆள் எங்கே நிற்பான், மழை நாளில் டிராக்டர் எந்தச் சரிவில் வழுக்கும் என்பதும் தெரியும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் மாணவர் இதை ஸ்லைடில் படிக்கிறார். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

பார்த்தது மட்டும் போதாது. அதைத் துறை மொழியில் சொல்ல வேண்டும். கட்டுப்பாடுகளுக்கு ஒரு வரிசை உண்டு: ஆபத்தையே நீக்கு, மாற்றுப் பொருள் பயன்படுத்து, இயந்திர அமைப்பால் தடு, வேலை முறையை மாற்று. கையுறையும் மாஸ்க்கும் கடைசி. பாராகுவாட் களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் நாடு தடை செய்தது அந்த வரிசையின் முதல் படி. நம் அம்மாக்கள் பல வருஷம் அடித்த மருந்து அது. மாஸ்க் போடச் சொல்லி எத்தனை போர்டு வைத்திருந்தாலும் அந்தத் தடை தந்த பாதுகாப்பைத் தந்திருக்க முடியாது. இந்த உதாரணத்தை அசைன்மென்டில் எழுதுங்கள். 2000-ஆம் ஆண்டின் ரசாயன விதிமுறைகளையும் அதோடு சேர்த்துப் படித்தால், கூலிம் ஹைடெக் பார்க்கில் செமிகண்டக்டர் தொழிற்சாலை இன்டர்வியூவிலும் தடுமாற மாட்டீர்கள். அங்கே காற்று பட்டாலே தீப்பற்றும் சைலேன், எலும்பு வரை ஊடுருவும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் என்று சரக்கு வேறு. யோசிக்கும் முறை ஒன்றுதான்.

4. பேரிடர் பேப்பருக்குக் கெடாவே பாடப்புத்தகம்.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி கோத்தா கோல மூடாவைத் தாக்கியது. 2021 ஆகஸ்ட் 18-இல் குனோங் ஜெராய் மலையிலிருந்து வெள்ளமும் பாறையும் மரமும் சேர்ந்து இறங்கி யான், மெர்போக் பக்கம் ஆறு உயிர்களைக் கொண்டுபோனது. 2022 ஜூலை 4-இல் பாலிங் குப்பாங்கில் கம்போங் இபோய் மண்ணில் புதைந்தது, மூன்று பேர் இறந்தார்கள். பேராசிரியர் ஹரிக்கேன் கத்ரீனாவை உதாரணம் காட்டுவார். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் புராஜெக்டுக்கு ஜெராயை எடுங்கள்.

என்ன எழுதுவது? எச்சரிக்கை யாருக்கு முதலில் வந்திருக்க வேண்டும், ஆற்றோரக் குளியலிடத்தில் இருந்தவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், தற்காலிக நிவாரண மையம் எந்தப் பள்ளிக்கூடம், அதற்குப் போகும் பாலம் நிற்குமா. தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் ஆணை எண் 20 மாவட்டம், மாநிலம், கூட்டரசு என்று மூன்று மட்டங்களில் பொறுப்பைப் பிரித்தது. மாவட்டக் குழுவுக்கு மாவட்ட அதிகாரி தலைவர், ஏபிஎம் செயலகம். இந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிந்திருக்க வேண்டும். பேரிடரில் தைரியசாலிகள் நிறைய வருவார்கள். யார் யாரிடம் ரிப்போர்ட் பண்ண வேண்டும் என்று தெரிந்தவர் குறைவு, அவரைத்தான் ஆபரேஷன் ரூமில் உட்கார வைப்பார்கள்.

5. எல்லாரும் தவிர்க்கிற மூன்று பேப்பரை நீங்கள் விரும்பி எடுங்கள்.

பட்ஜெட்டிங், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ரிப்போர்ட் ரைட்டிங். சேஃப்டி படிக்க வருகிறவர்களில் பலர் கணக்குக்குப் பயந்து வருகிறார்கள். ஆகவே அங்கே போட்டி குறைவு. 'ஆபத்து, உடனே மாற்ற வேண்டும்' என்று மேனேஜரிடம் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். 'போன வருஷம் இந்த ஒரு மெஷினால் இத்தனை வேலை நாள் போனது, இத்தனை வெள்ளி நஷ்டம், அதற்கு மறைப்பு போட இவ்வளவு செலவு' என்று ஒரே பக்கத்தில் வைத்தால் கையெழுத்து விழும்.

மொழி விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். பெரும்பாலான அரசாங்கப் பதவிகளுக்கு எஸ்பிஎம் தேசிய மொழியில் கிரெடிட் வேண்டும். அது இல்லாவிட்டால் திரும்ப எழுதுங்கள், வேறு வழி தேடி வருஷத்தை வீணாக்காதீர்கள். பன்னாட்டு கம்பெனியில் ரிப்போர்ட் ஆங்கிலத்தில், ஜேகேகேபிக்குப் போவது பெரும்பாலும் மலாயில், களத்தில் தொழிலாளியிடம் பேசுவது தமிழிலோ மலாயிலோ. மூன்றும் உள்ளவர் ரெஸ்யூமின் முதல் பத்தியிலேயே அதை எழுத வேண்டும். கடைசி வரியில் ஹாபிக்குப் பக்கத்தில் போடுகிற விஷயம் இல்லை அது.

6. எங்கே படிப்பது?

ஜித்ராவில் பொலிமாஸ், கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கின்றன. அங்கே பொறியியல் டிப்ளோமா எடுத்துவிட்டு ஓஷ் பக்கம் திரும்புவது நல்ல உத்தி. மெஷின் தெரிந்த சேஃப்டி ஆளுக்கு ஷாப்ஃப்ளோரில் மரியாதை அதிகம். சிந்தோக்கில் 1984-இல் தொடங்கிய யூயூஎம்மில் பொது நிர்வாகப் பட்டமும், மேற்படிப்பாக ஓஷ் மேனேஜ்மென்டும் உண்டு. அரசாங்கப் பக்கம் குறி வைப்பவர்களுக்கு அது பொருந்தும். வேலையை விட முடியாதவர்களுக்கு ஓப்பன் யூனிவர்சிட்டி மலேசியாவில் ஓஷ் மேனேஜ்மென்ட் பட்டம் இருக்கிறது. சர்டிபிகேட் இல்லாமல் அனுபவம் மட்டும் உள்ளவர்கள், அனுபவத்தைத் தகுதியாக மதிப்பிடும் ஏபெல் வழியைக் கேளுங்கள். வயது 21 நிறைந்து, தகுந்த வேலை அனுபவம் இருந்தால் மதிப்பீட்டுக்குப் பிறகு டிகிரியில் சேரலாம். கேட்டில் நின்ற வருஷங்கள் அங்கே கணக்கில் வரும்.

காசும் நேரமும் இல்லையா? மூன்று நாள் ஓஷ் கோர்டினேட்டர் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கம்பெனி பயிற்சிக்கான எச்ஆர்டி கார்ப் லெவி கட்டினால் செலவை அதிலிருந்து கேட்டு வாங்கலாம். அடுத்த படி தேசியப் பயிற்சி நிலையமான நியோஷில் சேஃப்டி ஆபீசர் கோர்ஸும் பரீட்சையும். ஒன்று மட்டும் கவனம்: பணம் கட்டும் முன் அந்த கோர்ஸ் தகுதி அங்கீகார அமைப்பான எம்க்யூஏவின் பதிவேட்டில் இருக்கிறதா, ஜேகேகேபி அதை ஏற்கிறதா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள். ஏஜென்ட் சொல்லை நம்பி பிடிபிடிஎன் கல்விக் கடனில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

7. சீருடை போடாமல் டிகிரி மட்டும் வாங்காதீர்கள்.

யூனிவர்சிட்டிக்குப் போனால் கோர் சிஸ்பா, சுக்சிஸ், பலாபெஸ் என்கிற மாணவர் சீருடைப் படைகளில் ஒன்றில் முதல் வருஷமே சேருங்கள். ஊரில் இருப்பவர்கள் ஏபிஎம்மிலோ பொம்பா தன்னார்வப் படையிலோ பெயர் கொடுங்கள். ஒழுங்கும் அணிவகுப்பும் நம் தோட்டங்களுக்குப் புதியவை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராக இளைஞர்களைத் திரட்டி நிறுத்தியது. அவர்களின் பேரப்பிள்ளைகள் வெள்ள நிவாரண மையத்தில் ரிஜிஸ்டர் மேசையில் உட்காரத் தயங்க வேண்டியதில்லை. அங்கே நாலு ராத்திரி வேலை செய்தவரின் முகம் மாவட்ட அதிகாரிகளுக்குத் தெரியும். முகம் தெரிவது இந்தத் துறையில் மூலதனம்.

கோயில் திருவிழாவையும் விட்டுவிடாதீர்கள். தீமிதி நாளில் உங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு கிரவுட் பிளான் போட்டுக் கொடுங்கள்: உள்ளே வரும் வழி, வெளியேறும் வழி, ஆம்புலன்ஸ் நிற்குமிடம், பூக்குழியிலிருந்து கூட்டம் எத்தனை தூரம், காணாமல் போன பிள்ளையை எங்கே கொண்டுவருவது. கமிட்டித் தலைவரிடம் பேசி அதைச் செயல்படுத்துங்கள், போட்டோ எடுங்கள், முடிந்ததும் என்ன சரியாக நடந்தது, என்ன சறுக்கியது என்று ஒரு பக்க ரிப்போர்ட் எழுதுங்கள். இருபது வயதில் இப்படி ஒரு ஆவணம் வைத்திருக்கும் போட்டியாளர் அநேகமாக இருக்க மாட்டார்.

8. இன்டர்வியூவுக்கு வாயை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஒரு ஹிரார்க், ஒரு கிரவுட் பிளான், ஒரு விபத்து ரிப்போர்ட். மூன்று தாள், சுத்தமான ஃபைல். கேட்டதும் எடுத்து மேசையில் வையுங்கள். தொழிலாளி சேஃப்டி ஷூ போட மறுத்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். 'வார்னிங் லெட்டர் கொடுப்பேன்' என்று முதலில் சொன்னால் மார்க் போய்விடும். ஷூ அளவு சரியா, வேலையிடத்தில் தண்ணீர் நிற்கிறதா, மண்டோர் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். பொம்பாவுக்குப் போகிறவர்கள் ஓட்டத்தையும் தண்டாலையும் அழைப்புக் கடிதம் வந்த பிறகு பழகினால் நேரம் போதாது. விண்ணப்பம் போட்ட அன்றே தொடங்குங்கள்.

சம்பளம் பேசும்போது கூச்சம் வேண்டாம். முதல் வேலையில் எக்ஸிகியூட்டிவ் என்றோ அசிஸ்டென்ட் என்றோதான் எடுப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. நியோஷ் பரீட்சைக் கட்டணத்தைக் கம்பெனி ஏற்குமா? 'கிரீன் புக்' என்று சொல்கிற ஜேகேகேபி பதிவு கிடைத்த மாதத்திலிருந்து சம்பளம் எவ்வளவு மாறும்? 'அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்ளுங்கள். பேசியதை அன்று மாலையே எச்ஆருக்கு ஈமெயிலில் எழுதி, ஆஃபர் லெட்டரில் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.