நம்பிக்கைகளும் உண்மைகளும்: மேலே பெய்யும் மழை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலா கங்சார் குடும்பங்கள் சாப்பாடும் பாயுமாக ஊலு கெனாஸ் நீர்வீழ்ச்சிக்குக் கிளம்பிவிடுகின்றன. இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து புபு மலை ஏறுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் மலையைப் பற்றி நம்மிடையே புழங்கும் சில நம்பிக்கைகள் உயிருக்கு உலை வைப்பவை.

“வெயில் அடிக்கிறதே, ஆற்றில் என்ன பயம்?”

இதைவிட ஆபத்தான பேச்சு வேறில்லை. நாம் குளிக்கும் இடத்து வானத்தைப் பார்த்துப் பயனில்லை. உச்சியில் பெய்யும் மழைதான் கணக்கு. புபு மலை 1,600 மீட்டருக்கும் அதிக உயரம். பிற்பகலில் அங்கே இடியுடன் கொட்டும் மழை, கீழே ஒரு தூறல்கூட விழாத நேரத்தில் செங்குத்தான ஓடைகளில் சேர்ந்து இறங்கும். வழியில் மரமும் பாறையும் சரிந்து ஓடையை அடைத்தால் பின்னால் நீர் தேங்கும். அடைப்பு உடைந்தால் நீர், சேறு, கட்டை எல்லாம் ஒன்றாகப் பாயும். கெப்பாலா ஆயர் என்பது இதுதான். 1996 ஆகஸ்ட் 29 அன்று கம்பார் அருகே போஸ் டிப்பாங் ஓராங் அஸ்லி கிராமத்தைச் சேறும் மரக்கட்டைகளும் வாரிக்கொண்டு போனதில் 44 பேர் மாண்டார்கள். 2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவின் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் 6 உயிர்களைக் கொண்டுபோனது.

பெரும்பாலும் ஆறு முன்கூட்டியே அடையாளம் காட்டும். தெளிந்த நீர் சட்டென்று கலங்கும். பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வரும். மேலிருந்து பார லோரி வருவதுபோல் இரைச்சல் கேட்கும். காரணமின்றி நீர்மட்டம் குறைந்தாலும் நல்லதல்ல. மேலே எங்கோ அடைபட்டிருக்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் கைப்பேசியையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையின் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடாதீர்கள், வெள்ளம் உங்களை முந்திவிடும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல் மேட்டிலேயே காத்திருங்கள். மேலே மழை ஓய்ந்தால் இத்தகைய வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

“மழை நின்றுவிட்டது, இனி மண் சரியாது.”

தரைக்குள் இறங்கிய நீர் மழையோடு நின்றுவிடுவதில்லை. அது மண்துகள்களுக்கிடையே நிரம்பிப் பிடிப்பைத் தளர்த்துகிறது. அதற்கு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஆகும். 2022 டிசம்பர் 16, பின்னிரவு. பத்தாங் காலி முகாமில் கூடாரங்களில் உறங்கியவர்கள் மேல் மேட்டு மண் சரிந்தது. சிறுவர்கள் உட்பட 31 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய பல நாள் மழையில் அந்த மேடு ஊறிப்போயிருந்தது. முகாம் நடத்த அந்த இடத்துக்கு உரிமமும் இருக்கவில்லை. கூடாரம் அடிக்குமுன் தலைக்கு மேலே பாருங்கள்: சாய்ந்த மரங்கள், புதிய வெடிப்பு, கலங்கலாகக் கசியும் நீர் இருந்தால் அங்கே தங்காதீர்கள்.

“கல்லுமலை அசையுமா?”

அசையும். சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைக்கிறது. பிளவுகள் அகன்று பாளம் கழன்று விழுகிறது. ஈப்போவில் நம் சுப்பிரமணியர் கோயில் கொண்டுள்ள குனோங் செரோவில் 1973 அக்டோபரில் பெரும்பாறை விழுந்து அடிவாரத்தில் குடியிருந்த சுமார் 40 பேர் மாண்டார்கள்.

“பனிமலையில் கத்தினால் பனி சரியும்.”

நேப்பாளம் போகும் நம்மவர்கள் இதையும் நம்புகிறார்கள். மனிதக் குரலுக்கு அந்த வலு இல்லை. உயிர்ப்பலி கொள்ளும் சரிவுகளைப் பெரும்பாலும் நடப்பவரின் எடையே கிளப்புகிறது. புதுப்பனி கொட்டிய மறுநாளும், 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவும்தான் அஞ்ச வேண்டியவை. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால் மணி நேரத்துக்குள் வேகமாகச் சரிவதால், தோண்டியெடுக்கும் கருவி உடன் வருபவர் முதுகிலேயே இருக்க வேண்டும்.

இங்கே மலையேற விரும்புவோர் வனத்துறை அனுமதியும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு ஆள் வராவிட்டால், வீட்டார் விடியும்வரை காத்திருக்காமல் 999க்கு அழையுங்கள்.