மார்க்கனில் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆம்ஸ்டர்டாம் பக்கம் வேலைக்கு வரும் நம்மவர்கள் பலர் ஆம்ஸ்டல்வேனில்தான் வீடு தேடுகிறார்கள். நம் ஊர் மளிகைக்கடை உண்டு, தெரிந்த முகங்கள் உண்டு. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கனுக்கோ ஏடமுக்கோ சுற்றிப்பார்க்கப் போய், பச்சை வண்ணம் அடித்த மரவீடுகளையும் துறையில் கட்டிய படகுகளையும் கண்டு மயங்கி வருகிறவர்கள் அடுத்த வாரமே எனக்கு போன் செய்கிறார்கள். "அக்கா, அங்க வாடகைக்கு வீடு கிடைக்குமா? குழந்தைங்களோட இருக்க முடியுமா?"

கிடைக்கும், அபூர்வமாக. இருக்கலாம், தாராளமாக. நாங்கள் குடும்பத்தோடு இருக்கிறோம். ஆனால் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமையில் பார்த்த வீட்டுக்கு அன்றே தலையாட்டிவிடாதீர்கள். நவம்பரில், மழை சாய்ந்தடிக்கும் ஒரு நாளில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். தண்ணீரோரத்துப் பழைய வீட்டின் குணம் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

மார்க்கன் 1957 வரை தீவாக இருந்தது. அந்த ஆண்டுதான் நிலப்பகுதியோடு கரைச்சாலை போட்டு இணைத்தார்கள். அதற்கு முன் ஊரைச் சுற்றி இருந்தது ஸௌடர்ஸே என்ற உள்கடல். புயல் வந்தால் தீவின் மேல் தண்ணீர் ஏறும். அதனால் மண்மேடுகள் எழுப்பி அவற்றின்மேல் வீடுகளை நெருக்கிக் கட்டினார்கள். மேட்டில் இடம் தீர்ந்தபோது மரத்தூண்களை நட்டு அதன்மேல் கட்டினார்கள். வெள்ளம் வந்தால் அடியில் ஓடட்டும் என்று கீழ்ப்பகுதியைத் திறந்தே விட்டார்கள். 1916 ஜனவரியில் வந்த வெள்ளம் இந்தச் சின்னத் தீவில் மட்டும் 16 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகே 1918இல் சட்டம் இயற்றி, 1932இல் அஃப்ஸ்லௌட்டைக் என்ற நீண்ட அணையால் கடல்வாயை அடைத்தார்கள். கடல் நன்னீர் ஏரியாக மாறியது. வெள்ள பயம் குறைந்ததும் மக்கள் வீட்டுக்கு அடியில் திறந்து கிடந்த இடத்தைப் பலகை அடித்து மூடி அறைகளாக்கிக்கொண்டார்கள்.

வாடகைக்கு வருபவருக்கு இந்தக் கதை நேரடியாகப் பயன்படும். தூண்வீட்டில் கீழ்த்தள அறை ஒன்றைக் காட்டினால், அது பழைய நாளில் வெள்ளத்துக்கு விட்ட இடமா என்று கேளுங்கள். அப்படியென்றால் அதன் கூரை தாழ்ந்திருக்கும், தரையில் குளிர் நிற்கும், மூலைகளில் ஓதம் இருக்கும். சாமான் வைக்க அது போதும். குழந்தைகள் படுக்கும் அறையாக்க வேண்டாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கை நம்புங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் அலமாரியைத் திறந்தால் ஓத வாடை வந்துவிடும். சன்னல் கண்ணாடி ஒற்றையா இரட்டையா என்று பாருங்கள். மாடிப்படி ஏணி அளவுக்குச் செங்குத்தாக இருக்கும், பெரியவர்கள் உங்களோடு தங்க வருவார்கள் என்றால் அதை ஏறி இறங்கிப் பார்த்தே முடிவெடுங்கள். கதவுகள் தானாகத் திறந்துகொள்கின்றனவா, தரை ஒரு பக்கம் சரிகிறதா என்று கவனியுங்கள். மார்க்கன் இருக்கும் வாட்டர்லான்ட் பகுதியில் பெரும்பாலும் பீட் எனப்படும் மக்கிய தாவர மண், அது ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அடித்தளத்து மரத்தூண்கள் தண்ணீருக்குள் இருக்கும்வரை பல தலைமுறை நிற்கும். நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் அழுகத் தொடங்கும். அடித்தளத்தைச் சரிசெய்வது வீட்டுக்காரர் செலவுதான். ஆனால் அந்த வேலை நடக்கும் காலத்தில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர் நீங்கள். அடித்தளத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். இந்த ஊர்களில் அது சாதாரணக் கேள்வி.

போன குளிர்காலத்தில் எத்தனை கனமீட்டர் எரிவாயு செலவானது என்றும் கேளுங்கள். யூரோவில் சொன்னால் விலை ஏறியிறங்கும், உண்மை தெரியாது. கனமீட்டர் பொய் சொல்லாது. "சீக்கிரம் இரட்டைக் கண்ணாடி போட்டுவிடுவோம்" என்று உரிமையாளர் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட ஊரமைப்பில் சன்னல் மாற்றவும் நகராட்சி அனுமதி தேவைப்படலாம், அவர் நினைத்த உடன் நடந்துவிடாது.

அடுத்தது அடுப்படி. நம் சமையலுக்கு இந்த வீடுகள் பழக்கப்பட்டவை அல்ல. குக்கர் விசிலோடு வரும் நீராவி, சோறு வடிக்கும் ஆவி, குளிர்காலத்தில் உள்ளேயே காயப்போடும் துணி எல்லாம் சேர்ந்து வீட்டிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்ப் படியும். அந்த இடம் ஒற்றைக் கண்ணாடி, அங்கிருந்து வழிந்து மரச்சட்டத்தில் இறங்கும். இரண்டு குளிர்காலம் கவனிக்காமல் விட்டால் சட்டம் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும், பிறகு அழுகும். அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, இல்லை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை தாளிப்பு வாசனையைக் கொஞ்சம் குறைக்கும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். எங்கள் வீட்டில் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் சன்னல் திறக்கப்படும், ஜனவரியாக இருந்தாலும் சரி. எதிரெதிர்ச் சன்னல்களைக் காலையில் சில நிமிடம் திறந்து மூடினால் சுவர் ஆறாது, ஈரக்காற்று போய்விடும். வெளியூர் போகும்போது வெப்பத்தை முற்றிலும் அணைக்காமல் குறைத்து வையுங்கள். மரவீட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வதுதான் நாம் அந்த ஊருக்குக் காட்டும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

இனி காகிதம். முதல் கேள்வி, இந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்யலாமா? வெளிநாட்டிலிருந்து நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருபவர் வந்து ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும். அதில்தான் பிஎஸ்என் எண் கிடைக்கும். சம்பளம், வங்கி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த எண்ணைத் தொட்டே நடக்கும். "பதிவு மட்டும் வேண்டாம்" என்று சொல்லும் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஏரியோரம் மலிவாகத் தெரியும் சில வீடுகள் விடுமுறை வீடுகளாகப் பதிவானவை. பொதுவாக அவற்றில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி இல்லை.

2024 ஜூலை 1 முதல் வாடகை ஒப்பந்தம் காலவரையற்றதாக இருப்பதே பொது விதி. சில விலக்குகள் உண்டு. இந்த ஊர்களில் அடிக்கடி கண்ணில் படுவது, உரிமையாளர் சில ஆண்டு வெளிநாடு போய்த் திரும்பும்வரை விடும் வீடு. அது சட்டப்படி சரியானது, ஆனால் அவர் திரும்பினால் நீங்கள் கிளம்ப வேண்டும். பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கும் முன் இதை யோசியுங்கள்.

வீட்டின் பரப்பு, வசதி, ஆற்றல் தரச்சான்று இவற்றுக்குப் புள்ளி போட்டு வாடகையின் உச்சவரம்பைக் கணக்கிடும் முறை இங்கே உண்டு. இப்போது 186 புள்ளி வரை அது கட்டாயம். பழைய வீட்டுக்கு ஆற்றல் சான்றில் புள்ளி குறையும். ஆனால் தேசிய நினைவுச்சின்னமாகப் பதிவான வீடென்றால் வாடகையில் 35 சதவீதம் கூடுதல் சேர்க்கலாம். அதனால் 'நினைவுச்சின்னம்' என்று வாயால் சொன்னதை அப்படியே ஏற்காமல் பதிவேட்டில் பாருங்கள், யாரும் பார்க்கலாம். 2025 முதல் புதிய ஒப்பந்தத்தோடு புள்ளிக் கணக்கையும் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. கணக்கு சரியில்லை என்று தோன்றினால், குடியேறிய ஆறு மாதத்துக்குள் ஹ்யூர்கொமிசி என்ற வாடகை ஆணையத்திடம் போகலாம். அட்வான்ஸ் அடிப்படை வாடகையில் இரண்டு மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் தரகர் உங்களிடம் கமிஷன் வாங்கவும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தயங்காமல் கேட்டு அந்தக் கமிஷனைத் திரும்ப வாங்கியது.

சந்துகளில் வண்டி நுழையாது, கட்டிலும் பீரோவும் மாடிப்படியில் ஏறாது. கழற்றிப் பூட்டும் மரச்சாமான்களாக வாங்குங்கள். சுற்றுலாக்காரர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். கோடையில் அது தினமும் நடக்கும், தாழ்ந்த மெல்லிய திரை ஒன்று போதும். பேருந்து ஆம்ஸ்டர்டாம் வரை இருக்கிறது, ஆனால் இரவு வேலை உள்ளவர்கள் கடைசிப் பேருந்து நேரத்தைப் பார்த்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

குழந்தைகள் இருந்தால் நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுப்பதை வீடு மாறும் முன்பே செய்யுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளம். ஏ, பி, சி என்று மூன்று சான்றிதழ்கள் உண்டு. முதல் சான்றிதழுக்கே பிள்ளைகளை உடுப்போடு நீந்த வைப்பார்கள், வாய்க்காலில் விழுகிற பிள்ளை நீச்சலுடையில் விழுவதில்லை என்பதால். சான்றிதழ் வரும்வரை வாசலைத் தாண்டும் குழந்தையின் கை நம் கையில்தான் இருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

செலவுக் கணக்கில் மறக்கப்படுவது வரி. வீட்டுச் சொத்து வரி உரிமையாளருடையது. குப்பை வரியும் நீர் வாரியத்தின் வரியும் குடியிருப்பவர் தலையில். கழிவுநீருக்குத் தனியாள் என்றால் ஒரு அலகு, அதற்கு மேல் எத்தனை பேர் என்றாலும் மூன்று அலகு. பதிவு செய்த அடுத்த சில மாதங்களில் கடிதம் வரும், அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். முக்கியக் கரை உடைந்து வரும் வெள்ளத்துக்கு வழக்கமான வீட்டுப்பொருள் காப்பீடு பணம் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பகுதியின் நீர் வாரியம் ஹாலண்ட்ஸ் நோர்டர்க்வார்டீர். வாய்க்கால்களில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று முடிவெடுப்பது அதன் நிர்வாகக் குழு. மேய்ச்சல் நிலம் காய்ந்திருக்க நீர்மட்டம் தாழ வேண்டும் என்பார்கள் பால்பண்ணைக்காரர்கள். தாழ்ந்தால் தூண்களில் காற்றுப் படும் என்பார்கள் பழைய வீடுகளில் இருப்பவர்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மார்ச்சில் அந்தக் குழுவுக்குத் தேர்தல் நடக்கிறது, கடந்த முறை 2023இல் நடந்தது. முறையான வசிப்பு அனுமதி உள்ள வெளிநாட்டவருக்கும் அதில் வாக்குண்டு. நீங்கள் குடியிருக்கப்போவது அந்தத் தூண்களின் மேல்தான். வாக்கு அட்டை வந்தால், எந்தப் பட்டியல் நீர்மட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று படித்துவிட்டுப் போய்ப் போடுங்கள்.